இறால் எங்கே? பவளத் தொட்டியில் மீன்கள் காரணம் தெரியாமல் சாகும்போது

காலை ஏழு மணிக்கு முன்பே வரும் அழைப்புகள் பல ஒரே மாதிரித்தான் தொடங்கும். "டாக்டர், தண்ணி டெஸ்ட் எல்லாம் சரியாத்தான் இருக்கு, ஆனா மீன் செத்துக்கிட்டே இருக்கு." செத்த மீன் எங்கே என்றுதான் நான் முதலில் கேட்பேன். "தூக்கிப் போட்டுட்டேனே" என்பார்கள். பாதித் துப்பு அங்கேயே போய்விடுகிறது.

சென்னையில் உப்புநீர்த் தொட்டி வைத்திருப்பவர்களின் வீடுகளுக்குப் போய் மீன்களுக்கு வைத்தியம் பார்ப்பது என் தொழில். கடந்த மழைக்காலத்தில் பார்த்த ஒரு வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே நடந்தது எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது.

400 லிட்டர் தொட்டி. மூன்று வருடமாக நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்தது. காளான் பவளம், லெதர் பவளம், சோவாந்தஸ் என்று மென்பவளங்கள் மட்டும்தான் வைத்திருந்தார். (கடினப் பவளங்கள் நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பட்டியலிடப்பட்டவை. யாராவது மலிவாகத் தருகிறேன் என்றாலும் வாங்காதீர்கள்.) வியாழக்கிழமை மாலை ஒரு க்ரோமிஸ் மீன் தக்கையைச் சுற்றிவிட்ட மாதிரி சுழன்று சுழன்று நீந்தியது. வெள்ளி காலை இரண்டு க்ரோமிஸும் அந்த வீட்டின் செல்லமான டாங் மீனும் செத்துக் கிடந்தன. சனி மதியம் ஒரு க்ளவுன் மீன். ஞாயிறு என்னைக் கூப்பிட்டார்.

அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், பிஎச் 8.2, உப்படர்த்தி 1.025, வெப்பநிலை 26 டிகிரி. எல்லாவற்றையும் தாளில் எழுதி வைத்திருந்தார். மேசையில் ஒரு காப்பர் மருந்து பாட்டிலும் இருந்தது. வெல்வெட் என்கிற ஒட்டுண்ணி நோயாகத்தான் இருக்கும், இன்றே ஊற்றுங்கள் என்று கடையில் சொன்னார்களாம். "நீங்க வர்றதுக்காகத்தான் டாக்டர் வெயிட் பண்ணேன்" என்றார்.

அவர் காத்திருந்தது நல்லதாகப் போயிற்று. காப்பர் மீன் ஒட்டுண்ணிக்கு நல்ல மருந்துதான், ஆனால் தனித்தொட்டியில் கொடுக்க வேண்டிய மருந்து. பவளத் தொட்டியில் ஊற்றினால் பவளம், இறால், நத்தை எல்லாவற்றையும் கொன்றுவிடும். பாறையிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டு பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டும் இருக்கும். காரணம் தெரியாமல் மருந்து ஊற்றினால் நோயோடு தடயத்தையும் சேர்த்துக் கலக்கி விடுகிறோம்.

முதல் பத்து நிமிடம் நான் எதையும் தொடமாட்டேன். நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பேன். மிஞ்சியிருந்த இரண்டு மீன்களும் பாறையை ஒட்டிக் கிடந்தன. அவ்வப்போது உடம்பில் திடீரென ஒரு வெட்டு, துடுப்பில் ஒரு நடுக்கம். மூச்சு வேகமாக இருந்தாலும் மூச்சுக்குத் தவிக்கிற மாதிரி இல்லை. உடம்பில் புள்ளி இல்லை, தூசி படிந்த மினுக்கமும் இல்லை. பவளங்கள் நன்றாக விரிந்திருந்தன. நான்கைந்து டர்போ நத்தைகள் கண்ணாடியில் பாசியைச் சுரண்டியபடி ஏறிக்கொண்டிருந்தன.

"உங்க தொட்டியில கிளீனர் ஷ்ரிம்ப் இருந்துச்சே, எங்கே?"

"பாறைக்குப் பின்னாடி இருக்கும் டாக்டர். வியாழக்கிழமை தோல் உரிச்சிருந்துச்சு, எடுத்துப் போட்டேன்."

"அந்தத் தோல் எப்படி இருந்துச்சு? கண்ணாடி மாதிரியா, இல்ல வெளுத்த இளஞ்சிவப்பா?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "சமைச்ச இறால் மாதிரி இருந்துச்சு."

உரித்த சட்டை உள்ளே ஒன்றுமில்லாமல், ஊதினால் பறக்கிற மாதிரி இருக்கும். வெளுத்துத் திடமாக இருந்தால் அது இறாலின் உடல். இறால்தான் முதலில் செத்திருக்கிறது. டார்ச் அடித்துத் தேடியதில் துறவி நண்டுகள் மூன்றும் கூட்டுக்கு வெளியே பாதி தொங்கியபடி செத்துக் கிடந்தன.

இனி கணக்குப் போடுவது சுலபம். வெல்வெட்டானாலும் வெள்ளைப்புள்ளியானாலும் மீனைத்தான் தின்னும், இறாலைத் தொடாது. ஆக்சிஜன் குறைந்திருந்தால் பெரிய மீன்தான் முதலில் போகும், அதுவும் விடியற்காலையில். இங்கே விரல் நீள க்ரோமிஸ் மாலையில் சுழன்றிருக்கிறது. எங்கிருந்தாவது காப்பர் கலந்திருந்தால் இறாலோடு நத்தையும் போயிருக்கும். நத்தையோ சுகமாக மேய்கிறது. இறால், நண்டு, மீன் மூன்றையும் கொன்று நத்தையையும் பவளத்தையும் விட்டுவிடுகிற பொருள் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பூச்சிக்கொல்லி, அதிலும் பைரெத்ராய்டு வகை.

தொட்டிக்குக் கீழே இருந்த அலமாரியைத் திறந்தேன். உள்ளே சம்ப் என்கிற வடிகட்டித் தொட்டி, ஸ்கிம்மர், பக்கத்தில் மீன் தீனி டப்பாக்கள். மூலையில் வரிசையாகச் செத்த எறும்புகள்.

அவருடைய அம்மா அப்போதுதான் பக்கத்தில் வந்து நின்றார். "புதன்கிழமை ராத்திரி நான்தாங்க ஸ்ப்ரே அடிச்சேன். தீனி டப்பாவுல ஒரே எறும்பு. தண்ணியில ஒரு சொட்டுகூட விழலைங்க டாக்டர், துணி போட்டு மூடிட்டுத்தான் அடிச்சேன்" என்றார். அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. தண்ணீரில் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

ஸ்கிம்மர் காற்றை உறிஞ்சி நுண்குமிழிகளாக்கித் தண்ணீரோடு கலக்கிற கருவி. இந்த அளவு தொட்டியில் மணிக்குப் பல நூறு லிட்டர் காற்று அதன் வழியே போகும். காற்றை இழுக்கும் குழாயின் வாய் அந்த அலமாரிக்குள்ளேயே தொங்கிக்கொண்டிருந்தது. மூடிய கதவுக்குள் அடித்த மருந்தை ராத்திரி முழுக்க அது இழுத்துத் தண்ணீருக்குள் கொடுத்திருக்கிறது. ஸ்கிம்மர் இல்லாத வீட்டில் ஏர் பம்ப் இதே வேலையைச் செய்யும்.

சாமந்திக் குடும்பத்துப் பூ ஒன்றிலிருந்து எடுக்கப்படும் பைரெத்ரினைப் பார்த்து ஆலையில் செய்யப்பட்டவை பைரெத்ராய்டுகள். கரப்பான் ஸ்ப்ரே, கொசுச்சுருள், கொசுவிரட்டித் திரவம் என்று நம் வீடுகளில் இருப்பவற்றில் பெரும்பாலும் இந்த வகைதான். நரம்பில் சோடியம் நுழையும் வாசலை மூட விடாமல் திறந்தே பிடித்துக்கொள்ளும். அதனால்தான் அந்த வெட்டும் சுழலும். நம் உடம்பு இதைச் சீக்கிரமே உடைத்து வெளியேற்றிவிடும். மீனின் ஈரலுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. இறாலும் நண்டும் கணுக்காலிகள், கரப்பானுக்குத் தூரத்து உறவு, அதனால் அவைதான் முதலில் விழும். நத்தைக்கு இது அவ்வளவாக உறைக்காது.

நச்சை உறிஞ்சும் கார்பனைப் புதிதாக இரண்டு மடங்கு போட்டோம். வடிகட்டிப் பஞ்சைத் தூக்கி எறிந்தோம். அன்றே 40 சதவீதம் தண்ணீர் மாற்றி, இரண்டு நாள் கழித்து மறுபடியும் மாற்றினோம். அலமாரியைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து நன்றாக உலர்த்தினோம். ஸ்கிம்மரை நிறுத்தவில்லை, அதன் காற்றுக்குழாயை நீட்டி பால்கனிக்கு வெளியே விட்டோம். ஏசி அறையில் தொட்டி வைத்திருப்பவர்கள் எப்படியும் இதைச் செய்வது நல்லது. பூட்டிய அறையில் கரியமில வாயு சேர்ந்து, இரவில் பிஎச் இறங்குவதும் இதனால் குறையும்.

இந்த வீட்டில் துப்பு இறாலிடம் இருந்தது. வேறு வீட்டில் அது வேறொன்றிடம் இருக்கும். இறாலும் நண்டும் பவளமும் நலமாக இருந்து மீன் மட்டும் சாகிறதென்றால் ஒட்டுண்ணியைத்தான் முதலில் சந்தேகிப்பேன், அதிலும் கடந்த இரண்டு மூன்று வாரத்தில் புது மீன் வந்திருந்தால் நிச்சயமாக. வெல்வெட் மிகக் கொடியது. அமிலோடினியம் என்ற ஒட்டுண்ணி முதலில் செவுளில்தான் குடியேறும், உடம்பில் பொன்தூசி தெரிவதற்குள் மீன் செத்துவிடலாம். தண்ணீரை அலைக்கும் பம்பான வேவ்மேக்கரின் வேகத்துக்கு நேரே மீன் போய் நின்றுகொண்டு, வெளிச்சத்துக்கு ஒளிந்தால், அன்றே கூப்பிடுங்கள். மறுநாள்வரை காத்திருந்து மொத்த மீன்களையும் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ராத்திரி நன்றாக இருந்த பெரிய மீன்கள் காலையில் வாய் பிளந்து, செவுள் மூடி விரிந்து கிடந்தால் காரணம் ஆக்சிஜன் குறைவு. 25 டிகிரியில் ஒரு லிட்டர் கடல்நீர் ஏறத்தாழ 6.8 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் கரைத்து வைத்திருக்கும், 30 டிகிரியில் 6.2. விளக்கு அணைந்த பிறகு பாசியும் பவளமும்கூட மூச்சுவிடத்தான் செய்யும், ஆக்சிஜனைத் தருவதில்லை. அதனால் விடியற்காலைதான் மிகக் குறைவான நேரம். இதோடு மே மாதத்தில் இரண்டு மணி நேரம் கரண்ட் போனாலோ, நைட்ரேட்டைக் குறைக்க ஊற்றும் வினிகரோ ஓட்காவோ அளவு கூடிப் பாக்டீரியா பெருகித் தண்ணீர் வெளுத்தாலோ போதும். காலையில் நீங்கள் டெஸ்ட் செய்யும்போது எல்லாம் சரியாகவே காட்டும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

அப்புறம், தண்ணீரை நிரப்ப ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆர்ஓ மாதிரி சுத்தம் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அது செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் இருக்கும் காயில் மேல் வழிந்து வருகிற தண்ணீர். தயவுசெய்து வேண்டாம்.

மீன் செத்தால் என்ன செய்ய வேண்டும்? உடனே எடுத்து, கவரில் போட்டு, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். ஃப்ரீசரில் வைத்தால் தசையும் செவுளும் நொறுங்கி நுண்ணோக்கியில் ஒன்றும் தெரியாது. ஒட்டுண்ணிகள் செத்த மீனை விட்டு இறங்கிவிடும், அதனால் ஒரு மணி நேரத்துக்குள் கிடைத்தால் நல்லது, சாகும் தறுவாயில் உள்ள மீன் கிடைத்தால் இன்னும் நல்லது. மருந்து எதுவும் ஊற்றுவதற்கு முன் அரை லிட்டர் தொட்டித் தண்ணீரைச் சுத்தமான பாட்டிலில் தனியாக எடுத்து வையுங்கள். எந்த மீன், எந்த நேரம், அப்போது யாரெல்லாம் நன்றாக இருந்தார்கள் என்று எழுதுங்கள். வீட்டில் உள்ள எல்லோரிடமும், வேலைக்கு வருகிற அக்காவிடமும், கடந்த ஒரு வாரத்தில் ஸ்ப்ரே, பெயின்ட், ஃபினாயில், பூச்சி மருந்து ஏதாவது உண்டா என்று கேளுங்கள். குற்றம் கண்டுபிடிக்கிற குரலில் கேட்டால் உண்மை வராது, அதனால் பொறுமையாகக் கேளுங்கள்.

அந்த வீட்டில் மிஞ்சிய இரண்டு மீன்களில் ஒன்று செவ்வாய்க்கிழமை போய்விட்டது. இன்னொன்று, ஒரு க்ளவுன், ஐந்தாம் நாள் சாப்பிட ஆரம்பித்தது. புது மீன் எதுவும் வாங்க வேண்டாம், மூன்று வாரம் கழித்து இரண்டு துறவி நண்டுகளை மட்டும் விட்டுப் பாருங்கள் என்று சொல்லியிருந்தேன். நண்டு தாங்கினால் மீனும் தாங்கும். விட்ட பத்தாம் நாள் அவருடைய அம்மாவிடமிருந்து ஒரு படம் வந்தது. நண்டு ஒன்று பழைய கூட்டை விட்டுப் பெரிய கூட்டுக்கு மாறியிருந்தது. தீனி டப்பாக்கள் இப்போது சமையலறையில் ஒரு தண்ணீர்த் தட்டின் நடுவில் இருக்கின்றன, எறும்பு வருவதில்லை என்று கீழே எழுதியிருந்தார்.