மெகா சர்ச்: பேராலயம் அல்ல, பெருஞ்சபை

நகரத்து இளைஞர்களையும் கிறிஸ்தவத்தையும் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளில் ‘மெகா சர்ச்’ (வாரந்தோறும் ஆயிரக்கணக்கானோர் கூடும் ஒரே சபை) என்ற இடத்தில் எல்லாம் ‘பேராலயம்’ என்று போட்டுவிடுகிறார்கள். சியோலின் யொய்டோ பேராலயமாம், ஹூஸ்டனின் லேக்வுட் பேராலயமாம். சர்ச் என்றால் ஆலயம், பெரியது என்றால் பேர். ஒட்டினால் வேலை முடிந்தது. இப்படி ஒட்டியதில் ஏற்கெனவே வேறொரு பொருளில் வழங்கும் சொல் பறிபோகிறது.

சொல்லின் வேர் எளிது. ‘மெகா’ கிரேக்கத்தில் பெரியது. ‘சர்ச்’சும் கிரேக்கத்திலிருந்து கிளம்பியதுதான்: ‘ஆண்டவருக்கு உரியது’ என்ற பொருள் கொண்ட ‘கிரியாகோன்’. ஆனால் புதிய ஏற்பாடு ஆளும் சொல் அதுவன்று, ‘எக்ளேசியா’: அழைக்கப்பட்டுக் கூடிய மக்கள். தமிழ் வேதாகமம் இதைச் ‘சபை’ என்று சரியாகவே பிடித்தது. ‘வீட்டிலே கூடுகிற சபை’ என்று ரோமர் நிருபத்தில் வருகிறது. கட்டடம் வீடு, கூடுகிறவர்கள் சபை.

இனி பேராலயம். கத்தோலிக்கர் இதைப் பசிலிக்காவுக்கு, அதாவது திருத்தந்தை சிறப்புத் தகுதி தந்த ஆலயத்துக்கு, வைத்திருக்கிறார்கள். வேளாங்கண்ணி ஆலயம் 1962இல் திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவானால் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. பேராலயம் ஆனது அதனால்தான், கூட்டத்தால் அல்ல. ஆயரின் இருக்கை உள்ள கதீட்ரலையும் சிலர் பேராலயம் என்பார்கள். அங்கேயும் பெயர் வருவது நாற்காலியால், கொள்ளளவால் அல்ல. ஆக, பேராலயம் என்பது தகுதி. முந்நூறு பேர் அமரும் கட்டடத்துக்கும் அந்தத் தகுதி கிடைக்கலாம், முப்பதாயிரம் பேர் கூடும் இடத்துக்குக் கிடைக்காமலும் போகலாம்.

மெகா சர்ச்சுக்கோ தகுதி கொடுக்க யாரும் இல்லை. அது தலை எண்ணிக்கை மட்டுமே. ஆய்வாளர்கள் பொதுவாக வைக்கும் அளவுகோல்: ஒரு சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபையில் வாரந்தோறும் சராசரியாக 2,000 பேருக்குக் குறையாமல் ஆராதனைக்கு வர வேண்டும். கட்டடம் கணக்கிலேயே இல்லை. லேக்வுட் சபை 2005இல் குடிபுகுந்தது ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணி முன்பு கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்த உள்ளரங்குக்குள். சிங்கப்பூரின் சிட்டி ஹார்வெஸ்ட் சபை சன்டெக் மாநாட்டு மையத்தில் கூடியது. ஞாயிறு ஆராதனை, மறுநாள் அதே இடத்தில் வணிகக் கண்காட்சி. அதைப் பேராலயம் என்றால் வாசகர் கண்ணில் கோபுரமும் மணியும் பலிபீடமும்தான் தோன்றும். அங்கே இருப்பதோ மேடை, திரை, ஒலிப்பலகை, வாகனம் நிறுத்த வழிகாட்டும் தொண்டர் படை.

‘மெகா தேவாலயம்’ என்பாரும் உண்டு. மெகா தொடர், மெகா தள்ளுபடி, மெகா கூட்டணி கேட்டுப் பழகிய காதுக்கு அது விளம்பரம். ‘பெருந்திருச்சபை’ அதைவிட மோசம், ஏனென்றால் பார்வைக்குச் சரியாகத் தெரியும். திருச்சபை என்பது நம் வழக்கில் ஓர் அமைப்பு முழுவதற்கும் பெயர். 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை பல மாநிலங்களில், பல திருமண்டலங்களாக (பேராயர்களின் ஆளுகைப் பகுதிகளாக)ப் பரந்தது. அதை மெகா சர்ச் என்று யாரும் சொல்வதில்லை. மெகா சர்ச் ஓர் ஊரில், ஒரே போதகத் தலைமையின் கீழ் கூடும் ஒரு சபை. ‘பெருந்திருச்சபைகளிலிருந்து இளைஞர்கள் விலகுகிறார்கள்’ என்று எழுதினால், விலகுவது ரோமைத் திருச்சபையிலிருந்தா, எதிர்த் தெருக் கூட்டரங்கிலிருந்தா?

எனவே பெருஞ்சபை. சபை வடசொல் ஆயிற்றே, அவை இருக்கிறதே என்பார்கள் தனித்தமிழ் நண்பர்கள். பேரவை சட்டமன்றத்துக்குப் போய்விட்டது, மாணவர் பேரவை வேறு. அதோடு, சோழர் கல்வெட்டிலேயே ஊர்ச்சபையின் பெயரில் ‘பெருங்குறி மகாசபை’ என்று தமிழும் வடமொழியும் கைகோத்து நிற்கின்றன. ஆயிரம் ஆண்டு புழங்கிய சொல்லை இன்று வெளியே அனுப்புவதில் லாபம் ஒன்றும் இல்லை. மகாசபை என்றே எழுதலாமே என்றால், அரசியல் வாடை அடிக்கும்.

கட்டடச் சொல்லைப் பிடித்துக்கொண்டால் உள்ளே நடப்பதும் புரியாது. படிக்கவும் வேலைக்கும் நகரத்துக்கு வந்து விடுதி அறையில் தங்கும் ஒருவருக்குப் பெருஞ்சபையின் முதல் வசதி, பின்வரிசையில் உட்கார்ந்து ‘நீ யார் வீட்டுப் பிள்ளை’ என்ற கேள்வி இல்லாமல் எழுந்து போகலாம். அதுவே அதன் பலவீனமும். ஆறு மாதம் வராவிட்டாலும் யாருக்கும் தெரியாது. இதைச் சமாளிக்கத்தான் பத்துப் பதினைந்து பேராக வீடுகளில் கூடும் செல் குழுக்கள். யொய்டோ சபை 1958இல் ஒரு சிறு கூட்டமாகத் தொடங்கி லட்சக்கணக்கில் பெருகியது இந்த முறையால்தான். குழு நிறைந்ததும் இரண்டாகப் பிரிய வேண்டும். அதற்கு முன்பே துணைத் தலைவர் ஒருவர் பழக்கப்பட்டிருக்க வேண்டும். ஆள் தயாராகாமல் பிரித்தால் புதிய பாதி கலைந்துபோகும். பிரிக்காமல் விட்டால் பழைய நண்பர் வட்டமாக இறுகி, புதிதாய் வருபவர் வெளியே நிற்பார்.

மொழிபெயர்ப்பாளர் கை இங்கேயும் வேலை காட்டுகிறது. செல் குழுவை ‘உயிரணுக் குழு’ என்று எழுதுகிறார்கள். சபையில் ‘செல் கூட்டம்’, ‘வீட்டுக் கூட்டம்’ என்றால் எல்லோருக்கும் தெரியும். கல்லூரி முடித்துப் புதிதாய் வேலையில் சேர்ந்த வயதினரை ‘இளம் வயதுவந்தோர்’ ஆக்குகிறார்கள். ‘வாலிபர்’ என்று சபைகளில் அன்றாடம் சொல்லும் சொல் கண்ணில் படவில்லையா? பள்ளிப் பிள்ளைகளைப் பிரித்துக் காட்ட வேண்டுமானால் அவர்களைப் ‘பதின்வயதினர்’ என்றால் போதும்.

கடைசியாக அந்த 2,000. ‘இரண்டாயிரம் உறுப்பினர்கள் கொண்ட பேராலயம்’ என்று ஒரே தொடரில் இரண்டு தவறு செய்கிறார்கள். அளவுகோல் உறுப்பினரை எண்ணவில்லை, வருகையை எண்ணுகிறது. ஒரு வாரத்து ஆராதனைகள் எல்லாவற்றுக்கும், கிளைகளிலும் சேர்த்து, வந்த பெரியவர்களும் பிள்ளைகளும். பதிவேட்டில் ஐயாயிரம் பேர் இருந்து ஞாயிறன்று அறுநூறு பேர் வரும் சபை பெருஞ்சபை ஆகாது. வாலிபர்கள் விஷயத்தில் இது தலைகீழ்: பலர் பதிவேட்டில் பெயர் எழுதாமலேயே ஆண்டுக்கணக்கில் வந்துபோகிறார்கள். ‘உறுப்பினர்’ என்று எழுதிய நொடியில் கட்டுரை பேச வந்த ஆட்களே கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறார்கள்.