ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்தினது, வாசல் யாருடையது?

நல்லூர்ப் பக்கம் ஓட்டோ ஓட்டுகிற தம்பி ஒருவர் போன வருடம் என் கந்தோருக்கு வந்து மடித்த தாள் ஒன்றை மேசையில் வைத்தார். மகளைத் தரம் 1இல் சேர்க்க ஒரு தனியார் பாடசாலை கொடுத்த பட்டியல். அனுமதிக் கட்டணம், தவணைக்குரிய வசதிக் கட்டணம், கட்டட நிதி. கூட்டுத்தொகைக்குக் கீழே பென்சிலால் 'கொடி' என்று எழுதியிருந்தார். மனைவியின் தாலிக்கொடியை அடைவு வைத்தால் என்ன வரும் என்று பார்த்திருக்கிறார்.

"அரசாங்கம் காசு குடுக்கிற பள்ளிக்கூடமாம். பிறகேன் ஐயா எங்களிட்டையும் கேக்கினம்?"

கணக்கு எழுதிப் பிழைக்கிற எனக்கே இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை.

இலங்கையில் 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா காலத்து இலவசக் கல்வி வந்தபோது, கட்டணத்தைக் கைவிட்ட உதவி பெறும் பாடசாலைகளுக்கு அரசே சம்பளம் கொடுத்தது. உதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்கும் 1960ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பெரும்பாலானவை அரசின் கைக்குப் போயின. மிஷன் கல்லூரிகள் சில கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலைகளாக ஒதுங்கி, உதவிப் பணமும் இல்லாமல் கஷ்டப்பட்டன. பிற்பாடுதான் அவற்றின் ஆசிரியர் சம்பளத்தை அரசு மீண்டும் ஏற்றது. பாடநூலும் சீருடைத் துணியும் அங்கே அரசுச் செலவுதான். கட்டடம், தண்ணீர், மின்சாரம், மேலதிக ஆசிரியர் எல்லாம் நிர்வாகத்தின் தலையில். அதற்குத்தான் 'வசதிக் கட்டணம்'. (சர்வதேசப் பாடசாலைகள் வேறு ரகம். கம்பனியாகப் பதிந்தவை, இந்த உதவி எதுவும் கிடையாது.)

சரி, இதில் யாருக்கு இலாபம்? திறைசேரிக் காசு ஆசிரியர் எண்ணிக்கையைப் பார்த்து வருகிறது. வகுப்பில் இருப்பது டொக்டரின் பிள்ளையா, குருநகர்க் கடற்றொழிலாளியின் பிள்ளையா என்று அது கேட்பதில்லை. அதைத் தீர்மானிப்பது பாடசாலை வாசல். அரச பாடசாலையில் சேர்ப்பதற்கென்றால் சுற்றறிக்கை இருக்கிறது, வீட்டுத் தூரத்துக்குப் புள்ளி இருக்கிறது. இங்கே நிர்வாகம் வைத்ததுதான் முறை. ஆக, வசதிக் கட்டணம் கட்டக்கூடிய வீட்டுக்கு அரசு கொடுக்கும் சம்பளமும் சேர்ந்து போகிறது. இந்தத் தம்பி ஓட்டோவுக்கு டயர் வாங்கும்போது கட்டுகிற 18 சதவீத வற் வரியும் அதற்குள்தான் இருக்கிறது.

உதவியை நிறுத்து என்று நான் சொல்லமாட்டேன். நிறுத்தினால் கட்டணம் ஏறும், முதலில் வெளியேறுவது அரைக் கட்டணத்தில் படிக்கிற பிள்ளைதான். ஆனால் அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவு பெறும் குடும்பங்களின் பிள்ளைகள் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதை ஒவ்வொரு பாடசாலையும் அறிவித்தல் பலகையில் போடட்டும். பொதுக்காசு வாங்குகிற இடத்தில் அதைக் கேட்பது பெரிய காரியமில்லை.

பெற்றோருக்கு, மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து: பட்டியலில் எது கட்டாயம், எது நன்கொடை என்று எழுத்தில் கேளுங்கள். நன்கொடைக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். கட்டணக் குறைப்பை வாயால் கேட்காமல் கடிதமாகக் கொடுத்து, ஒரு பிரதியைக் கையில் வைத்திருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. பழைய மாணவர் சங்கங்கள் வெளிநாட்டிலிருந்து அனுப்புகிற காசில் ஒரு பங்கு இதற்கென்றே வருவதுண்டு.

தம்பிக்குக் கடிதத்தை நானே எழுதிக் கொடுத்தேன். இரண்டு கிழமையில் வசதிக் கட்டணத்தைப் பாதியாக்கினார்கள். கட்டட நிதியைக் குறைக்கவில்லை. கொடி இன்னும் அடைவில்தான் இருக்கிறது.