மழையில் வளர்ந்தது, தை வெயிலில் பறக்கிறது

குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு பண்ணைக்காரர் அட்டைப்பெட்டியில் எட்டுக் கோழிக் குஞ்சுகளைக் கொண்டு வந்தார். ஒன்பது நாள் குஞ்சுகள். எல்லாம் செத்தவை.

“மூணு நாளா ஆன்டிபயாட்டிக் தண்ணியில கலந்து விடுறேன் டாக்டரம்மா, கேக்கவே இல்ல. வாயைப் பொளந்து பொளந்து மூச்சு வாங்குது. ஆனா கொர் கொர் சத்தம் மட்டும் இல்ல.”

சத்தம் இல்லை என்றதுமே பூஞ்சையோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நெஞ்சைத் திறந்தால், நுரையீரல் முழுக்கக் கம்பரிசி அளவில் வெளிர்மஞ்சள் முடிச்சுகள். ஒரு குஞ்சின் காற்றறையில் (நுரையீரலோடு சேர்ந்த காற்றுப் பையில்), பழைய ரொட்டியில் பிடிப்பது போலச் சாம்பல் பச்சையாகப் பூசணமே படர்ந்திருந்தது. ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை. பாக்டீரியாவுக்கான மருந்து இதை ஒன்றும் செய்யாது. மூன்று நாள் மருந்துக் காசு தண்டம்.

மறுநாள் கொட்டகைக்குப் போனேன். நம் பக்கத்தில் தரையில் பரப்பும் கூளத்துக்கு உமியும் மல்லாட்டை (நிலக்கடலை) தோலும்தான். தரை மொறுமொறுவென்று காய்ந்து கிடந்தது. அவருக்கு அதில் பெருமை வேறு. விசாரித்தபோதுதான் தெரிந்தது: கார்த்திகை மழையில் சாரல் அடித்து நனைந்த கூளத்தைக் களத்தில் போட்டுக் காயவைத்து, அதையே திரும்பப் பரப்பியிருக்கிறார். ஓரத்திலிருந்து ஒரு கட்டியை எடுத்து உடைத்தேன். உள்ளே இருந்து புகை மாதிரி ஒரு தூள் கிளம்பி, படுதா இடுக்கில் விழுந்த வெயிலில் மிதந்தது. கீழே இறங்கவே இல்லை.

இங்கேதான் பலரும் ஏமாந்து போகிறார்கள். ஈரமாக இருக்கும்போது பூஞ்சை வளரும். காய்ந்த பிறகுதான் பறக்கும். அதன் வித்து ஒன்று 2 முதல் 3 மைக்ரான். தலைமுடியின் பருமனில் இருபதில் ஒரு பங்குகூட வராது. மூக்கு முடியில் சிக்காமல் நேராக நுரையீரலின் அடிவரை போய்விடும். குஞ்சுக்கு மட்டுமல்ல, நமக்கும்.

அவர் மனைவி முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டு கூட்டிக்கொண்டிருந்தார். “கொட்டாய் கூட்டுற அன்னிக்கு ராத்திரி குளிர் ஜுரம் வருது, மறுநாள் சரியாயிடுது” என்றார். தூசியைச் சுவாசித்த நாலு முதல் எட்டு மணி நேரத்தில் காய்ச்சல், உடல்வலி, வறட்டு இருமல்; ஒன்றிரண்டு நாளில் தானே போய்விடும். பூஞ்சை மட்டும் காரணமில்லை. எச்சத்தில் செத்த பாக்டீரியாக்களின் சுவரிலிருந்து வரும் எண்டோடாக்சின் என்ற நச்சும் அந்தத் தூசியில் இருக்கிறது. சிலருக்கு இது வேறு வகையில் ஒவ்வாமையாக மாறி, வருடக்கணக்கில் நுரையீரலில் தழும்பு விழும். நான் மாட்டு டாக்டர், மனிதருக்கு மருந்து சொல்ல மாட்டேன். ஆனால் கடலூரில் காட்டினாலும் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கே போனாலும், “கோழிக் கொட்டகையில் வேலை செய்கிறேன்” என்பதை முதலில் சொல்லுங்கள் அக்கா என்றேன். யாரும் அதைச் சொல்வதில்லை.

அப்புறம் தீவனம். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழிகள் செத்தபோதுதான் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சே வெளிச்சத்துக்கு வந்தது. காரணம் பிரேசிலிலிருந்து வந்த மல்லாட்டைப் பிண்ணாக்கு. இந்த நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும்; மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலிலும் இருக்கிறது. வெயிலில் போட்டாலும் வறுத்தாலும் நஞ்சு முழுதாகப் போகாது. பெரும்பாலும் தின்பதன் வழியாகத்தான் உள்ளே போகிறது என்றாலும், மூட்டையைக் கொட்டும்போது எழும் தூசியிலும் உண்டு. போர்ச்சுகலில் கோழிப்பண்ணைத் தொழிலாளர்களின் ரத்தத்திலேயே இதைக் கண்டிருக்கிறார்கள். கட்டி பிடித்த மூட்டையை “கோழிக்குத்தானே” என்று உதிர்த்துப் போடாதீர்கள்.

அவரிடம் சொன்னது இவ்வளவுதான். நனைந்த கூளத்தை ஈரமாக இருக்கும்போதே சாக்கில் அள்ளி வெளியேற்றுங்கள். காயவைத்துத் திரும்பப் போடவே வேண்டாம். கோழி தண்ணீர் குடிக்கும் நிப்பிள் ஒழுகினால் அன்றைக்கே சரிசெய்யுங்கள். ஒரு பேட்ச் கோழி முடிந்து கூட்டும்போது படுதாவைத் தூக்கிவிட்டு, லேசாகத் தண்ணீர் தெளித்துக் கூட்டுங்கள். முந்தானையும் துண்டும் இந்தத் தூளைத் தடுக்காது. என்95 முகக்கவசம் வேண்டும், அதுவும் மூக்குப் பக்கம் இடைவெளி இல்லாமல். அம்மோனியா நெடியை அது தடுக்காது என்பதையும் சொன்னேன்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, களத்தில் காய்ந்துகொண்டிருந்த இன்னொரு குவியலைக் காட்டி, “அப்ப இதையும் போடக் கூடாதா?” என்றார்.