பலகை அறுக்கப் பழைய சங்கிலி ரம்பம்: பளபளப்பைப் பார்க்காதீர்கள், பிஸ்டனைப் பாருங்கள்

தோட்டத்தில் சாய்ந்த மரத்தைத் தாமே பலகையாக அறுத்துக்கொள்ள விரும்புவோர் பழைய சங்கிலி ரம்பத்தைத் தேடுவது நியாயமே. இவ்வேலைக்குத் தாங்கும் பெரிய எந்திரம் புதிதாக வாங்கக் கட்டுபடியாவதில்லை. ஆனால் பழுதுபார்க்க என்னிடம் வரும் ரம்பங்களில் பலகை அறுத்தே கெட்டவற்றைப் பிரித்தவுடன் கண்டுகொள்ளலாம். பிஸ்டனின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாகக் கீறல்கள் ஓடியிருக்கும்.

மரத்தைக் குறுக்கே துண்டுபோடும் வேலை சில நொடிகளில் முடிந்து எந்திரம் மூச்சு வாங்கிக்கொள்கிறது. நெடுக்குவாக்கில் பலகை எடுக்கும்போதோ அது பல நிமிடங்கள் முழு வேகத்தில், முழுச் சுமையோடு, இடைவெளியின்றி ஓடுகிறது. ஓரடிக்கு உட்பட்ட மென்மரத்துக்கு 60 முதல் 70 சி.சி. வரையிலான எஞ்சின் பொறுமையாக ஈடுகொடுக்கும். இரண்டடி அகலக் கடின மரத்துக்கு 90 சி.சி.யை ஒட்டிய ஸ்டில் 066, ஹஸ்க்வர்னா 395 போன்றவையே பொருத்தம். பலகையைச் சீரான கனத்தில் எடுக்க ரம்பத்தைத் தாங்கும் அறுவைச் சட்டத்தைப் பொருத்தினால், பாரின் (சங்கிலி சுற்றி ஓடும் நீண்ட தகட்டின்) நீளத்தில் சில அங்குலம் பயன்படாமல் போகும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். ஆயினும், கீறல் விழுந்த 90 சி.சி.யைவிட நலமான 70 சி.சி.யையே நான் பரிந்துரைப்பேன்.

பார்க்கப் போகும்போது, எந்திரத்தை முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். சூட்டில் எளிதாகக் கிளம்புவது எதற்கும் சான்றல்ல. சைலன்சரின் ஓரிரு திருகாணிகளைக் கழற்றி, புகைவாய் வழியே டார்ச் ஒளியில் பிஸ்டனைப் பாருங்கள். கிடைமட்டமான நுண்கோடுகள் தொழிற்சாலையிலேயே விழுந்தவை, நல்ல அறிகுறி. செங்குத்துக் கீறல் இருந்தால் நன்றி சொல்லிவிட்டுத் திரும்புங்கள். கழற்ற அனுமதிக்காதவரிடமும் அதே நன்றிதான். இந்த அளவு எஞ்சினில் கம்ப்ரஷன் மானி (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தத்தை அளக்கும் கருவி) 150 பி.எஸ்.ஐ. காட்டினால் மகிழ்ச்சி, 120-க்குக் கீழே இறங்கினால் வேண்டாம்.

அடுத்து, ஓடவிட்டு ஆக்சிலரேட்டரை அழுத்தி விடுங்கள். வேகம் உடனே தணியாமல் தொங்கி நின்றால், அல்லது எந்திரத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும்போது ஓட்டம் மாறினால், கிராங்க் சீல் (எஞ்சினின் சுழல் தண்டைச் சுற்றிய காற்றடைப்பு வளையம்) வழியே காற்று உள்ளே கசிகிறது என்று சந்தேகிக்கலாம். அக்காற்றால் எரிபொருட்கலவை நீர்த்துவிடுகிறது. எரிபொருளோடு வரும் எண்ணெயே இந்த எஞ்சினுக்கு உயவு என்பதால், நீண்ட அறுவையில் பிஸ்டன் வறண்டு கருகுகிறது. பழுதடைந்தவற்றுள் பலவற்றின் கதை இதுதான்.

தேய்ந்த பார், மழுங்கிய சங்கிலி, விறைத்துப்போன எரிபொருள் குழாய் ஆகியவற்றுக்கு அஞ்ச வேண்டாம். விலையைக் குறைக்கவே அவை உதவும். சங்கிலியை எப்படியும் மாற்றத்தான் போகிறீர்கள்: துண்டுபோடும் சங்கிலியின் பற்கள் ஏறத்தாழ 30 பாகையில் தீட்டப்பட்டிருக்கும், பலகைக்கோ 10 பாகை தேவை. ஆனால் செயின் பிரேக் (ஆபத்தில் சங்கிலியை நிறுத்தும் பாதுகாப்புத் தடை) சங்கிலியை நொடியில் நிறுத்தாவிட்டால் பேரமே பேசாதீர்கள். பாரின் நுனியை ஒரு வெளிர் அட்டைக்கு எதிரே நீட்டி வேகம் கொடுத்தால் சங்கிலிக்கு உயவிடும் எண்ணெய் தெறித்துக் கோடாக விழ வேண்டும். விழாவிட்டால் முதலில் எண்ணெய்த் துளையின் அடைப்பை நீக்கிப் பாருங்கள்.

வாங்கியபின் கார்புரேட்டரைச் சற்றே செறிந்த (எரிபொருள் கூடிய) கலவைக்குத் திருப்பி வையுங்கள். ஒவ்வொரு பலகை முடிந்ததும் எந்திரத்தைச் சட்டென அணைக்காமல், அரை நிமிடம் மெதுவோட்டத்தில் ஆறவிட்டு அணையுங்கள்.