கழுவுநீர் வெப்ப மீட்பு

குளித்த, கழுவிய தண்ணீரோடு போகும் சூட்டைப் பிடித்துப் புதுத்தண்ணீருக்குக் கொடுப்பதுதான் ‘கிரேவாட்டர் ஹீட் ரெகவரி’. அதைச் ‘சாம்பல் நீர் வெப்ப மீட்பு’ என்று எழுதுகிறார்கள். படிக்கிறவருக்கு அடுப்புச் சாம்பலைக் கரைத்த தண்ணீர்தான் நினைவுக்கு வரும். ஆங்கிலத்தில் கக்கூஸ் தண்ணீருக்குக் கறுப்பு என்று பெயர் வைத்தார்கள். குளியல், வாஷ்பேசின், வாஷிங்மெஷின் தண்ணீர் அவ்வளவு மோசமில்லை என்பதால் அது சாம்பல் நிறமாயிற்று.

‘கழிவுநீர்’ என்பதும் சரிப்படாது. கழி என்றால் ஒதுக்கித் தள்ளுவது. பொடக்காணி (புழக்கடை) வாழைக்குப் பாய்கிற தண்ணீரைக் கொங்கு வீடுகளில் யார் தள்ளினார்கள்? அரிசி களைந்த தண்ணீருக்குக் ‘கழுநீர்’ என்ற பழைய பெயர் உண்டு. மாட்டுத் தாழிக்குப் போகும் கழனித்தண்ணி அதுதான். அந்த வழியில் ‘கழுவுநீர்’ என்பதே என் தேர்வு.

‘மீட்பு’ மீள் என்பதிலிருந்து வருவது. இங்கே மீள்வது சூடு மட்டும். தண்ணீர் தன் வழியே போய்விடும். செங்குத்தான செம்பு வடிகுழாயின் உட்சுவரில் குளித்த தண்ணீர் படலமாக ஒட்டி இறங்கும். குழாயின் வெளியே சுற்றிய சுருளில் பச்சைத்தண்ணீர் கீழிருந்து மேலேறும். வெந்நீர் போடும் பழைய வேம்பாவில் நடுக்குழாய்த் தணலும் சுற்றியுள்ள தண்ணீரும் கலக்காமலே சூடு மாறுவது போலத்தான். பம்பும் வேண்டாம், கரண்டும் வேண்டாம்.

1991இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் எழுந்த, சூடு வெளியே போகாதபடி கட்டிய ‘பாசிவ் ஹவுஸ்’ போன்ற வீடுகளில் அறையைச் சூடாக்கும் செலவு மிகவும் குறைந்துவிட, வெந்நீர்ச் செலவு பெரிதாகத் தெரிந்தது. அதனால்தான் அங்கே இதற்கு மதிப்பு. நம் ஊரில் 40 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 40க்கு ஏற்ற 0.7 யூனிட் போதும்; அதில் பாதி மீண்டாலும் பெரிய தொகையில்லை. அப்புறம், நாம் பக்கெட்டில் பிடித்துவைத்துக் குளிக்கிறவர்கள். சூடான தண்ணீர் இறங்கும்போது பச்சைத்தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தால்தான் இந்தக் குழாய் வேலை செய்யும். ஆகவே ஷவர் ஓடும் விடுதிகளுக்கே இது ஏற்றது.

திருப்பூர்ச் சாயப்பட்டறை விஷயம் வேறு. பருத்தித் துணிக்குச் சாயமேற்றிய தண்ணீர் 60 டிகிரியும் அதற்கு மேலுமாக இறங்கும். அந்தச் சூட்டை எடுத்துப் புதுத்தண்ணீருக்குக் கொடுத்தால் பாய்லர் விறகு மிச்சம். பாடநூல் ‘வெப்பப் பரிமாற்றி’ என்றாலும் அங்கே ‘ஹீட் எக்ஸ்சேஞ்சர்’தான். அந்தத் தண்ணீரைக் கழுவுநீர் என்று மட்டும் சொல்லிவிடக்கூடாது. அது சாயக்கழிவுநீரேதான்.