மூத்திரக் குளிசையை எத்தனை மணிக்குப் போடுவது?

மெடிக்கல் கிளினிக் நாளென்றால் இலங்கை மலையகத்தில் இருக்கும் எங்கள் ஆஸ்பத்திரியில் விடிவதற்கு முன்பே வரிசை தொடங்கிவிடும். தேயிலைத் தோட்டத்து மேட்டு டிவிஷன்களில் இருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவர்கள், கிளினிக் கொப்பியை சொப்பிங் பேக்கில் சுற்றி மடியில் வைத்தபடி, குளிரில் ஒடுங்கி பெஞ்சில் இருப்பார்கள். டொக்டரைப் பார்த்து மருந்து யன்னலுக்கு வந்து சேரும்போது பதினொரு மணி தாண்டிவிடும். அன்றைக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போயே போயிற்று. பஸ்ஸையும் விட்டால் பின்னேரம்தான் வீடு. இந்த அவசரத்துக்கு நடுவில்தான் பயிற்சிக்கு வரும் மருந்தாளர் பிள்ளைகளை நான் பழக்க வேண்டும்.

அமெரிக்காவில் மருந்தாளர் படிப்பை முடித்தவர்கள் விரும்பினால் ஒரு வருடம் ரெசிடென்சி என்ற மேற்பயிற்சி செய்கிறார்கள். இன்னொரு வருடம் வெளிநோயாளர் கிளினிக் வேலையிலேயே சிறப்புப் பயிற்சியும் எடுக்கலாம். அங்கே நோயாளிக்கு எதிரே கதிரை போட்டு உட்கார்ந்து பேசுவார்கள். எங்களுக்குக் கிடைப்பது சில வாரங்களும், குனிந்து பேச வேண்டிய ஒரு சின்ன யன்னலும்தான்.

அதனால் முதல் வாரம் நான் யாரையும் யன்னலுக்கு உள்ளே விடுவதில்லை. வெளியே பெஞ்சுக்கு அனுப்பிவிடுவேன். மருந்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசக்கூடாது. நேற்று எத்தனை மணிக்கு எழும்பினீர்கள், முதலில் என்ன குடித்தீர்கள், எப்போது சாப்பிட்டீர்கள், எப்போது படுத்தீர்கள் என்று மட்டும் கேட்டு எழுதிவர வேண்டும். பிள்ளைகளுக்கு இது பிடிக்காது. நான்கு வருடம் மருந்தியல் படித்துவிட்டு ரொட்டி சுட்ட கதை கேட்கவா வந்தோம் என்ற முகம் எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் நானும் அதே முகத்தோடுதான் நின்றேன்.

நல்ல கெட்டிக்காரி ஒருத்தி வந்திருந்தாள். ஃபுரோஸ்மைட் என்ற மூத்திரக் குளிசையை, வீக்கம் வற்றக் கொடுப்பதை, எப்போது போட வேண்டும் என்று கேட்டால், “காலையில் மிஸ், ராத்திரி போட்டால் மூத்திரத்துக்கு எழும்பி எழும்பித் தூக்கம் கெடும்” என்று டக்கென்று சொல்வாள். பாடப்படி அது சரி. கால் வீங்கிய கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவருக்கு டொக்டர் 40 மில்லிகிராமை 80 ஆக்கி எழுதியிருந்தார். “குளிசை ஒழுங்காப் போடுறீங்களா?” என்று இவள் கேட்டாள். “ஆமாங்க மிஸ்” என்றார் அவர். இவளும் 80க்கு எண்ணத் தொடங்கிவிட்டாள்.

அந்தக் கேள்விக்கு மலையகத்தில் “ஆமாங்க” தவிர வேறு பதில் வராது. துரைக்கும் டொக்டருக்கும் இல்லை என்று சொல்லிப் பழகாத சனம். நான் வெளியே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து நேற்றைய நாளைக் கேட்டேன். நாலரைக்கு எழும்பி, சமைத்து, பிள்ளையை அனுப்பி, ஏழரைக்கு மலை. “மூத்திரக் குளிசையை எப்ப போட்டீங்க அக்கா?” என்றதும் சிரித்தார். “மலையில ஒதுங்க எடம் ஏது மிஸ்? கங்காணி வேற நிக்கிறாரு. ஞாயித்துக்கெழம மட்டும் போட்டுக்கிறது.”

வாரத்தில் ஒரு குளிசை. அளவை இரட்டிப்பாக்கினால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரட்டிப்பாகும். ஃபுரோஸ்மைட் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கும், ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் அடங்கிவிடும். பின்னேரம் நாலு மணிக்கு, வீட்டுக்கு வந்த கையோடு போட்டால் படுக்கும் நேரத்துக்கு எல்லாம் முடிந்திருக்கும். டொக்டரிடம் போய்ச் சொன்னோம். அவர் பழைய 40க்கே திரும்பி, பின்னேரம் என்று மாற்றி எழுதினார். அடுத்த மாதம் அந்த அக்கா செருப்பு வார் இறுக்கவில்லை என்றார். (இதை வாசிப்பவர்கள் தாங்களாகவே நேரத்தை மாற்றிவிட வேண்டாம். சில மருந்துகளுக்கு நேரம்தான் உயிர். கேட்டுவிட்டு மாற்றுங்கள்.)

கிளிக்லசைட் கதை இதைவிட ஆபத்தானது. சீனி வருத்தத்துக்குக் கொடுக்கும் இந்தக் குளிசை, சாப்பாடு வருகிறது என்று நம்பி உடம்பில் இன்சுலினைச் சுரக்க வைக்கும். உறையில் ‘காலை’ என்று எழுதிக் கொடுக்கிறோம். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் காலை என்றால் ஐந்து மணி, வெறும் தேத்தண்ணி. ரொட்டியும் சம்பலும் வாயில் படுவது பத்து மணிக்கு, தேயிலைக்கு நடுவில். இடையில் வியர்த்து, கை நடுங்கி, கண் மங்கி, சரிவில் உட்கார்ந்துவிட்டவர்கள் எத்தனையோ பேர். பித்தம் என்பார்கள், வெயில் என்பார்கள், சில நேரம் பேய் என்றும் சொல்வார்கள். இரத்தத்தில் சீனி 70க்குக் கீழே போயிருக்கிறது என்று யாரும் நினைப்பதில்லை. அந்த நேரத்தில் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். பதினைந்து நிமிடத்தில் தெளியவில்லை என்றால் இன்னொரு தடவை. தெளிந்ததும் சாப்பிட வேண்டும். ஆளுக்கு நினைவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும். சீனி வருத்தக்காரருக்குச் சீனியா என்று கூட இருப்பவர்கள் தடுப்பார்கள். அதற்காகவே பிள்ளைகளிடம் சொல்வேன், நோயாளிக்கு மட்டும் சொல்லி அனுப்பாதே, கூட வந்தவரையும் கூப்பிட்டுச் சொல். இப்போது எங்கள் யன்னலில் அந்தக் குளிசைக்குக் ‘காலை’ என்ற சொல்லே கிடையாது. ரொட்டிக்கு முந்தி என்போம். ரொட்டி இல்லையென்றால் அந்த வேளைக் குளிசையும் இல்லை.

தேயிலை மலையில் இன்னொன்று. இரும்புச்சத்துக் குளிசையைச் சுடச்சுடத் தேத்தண்ணியோடு விழுங்கினால் தேயிலைத் துவர்ப்பு இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் பெரிதாகச் சேராது. தண்ணீரோடு விழுங்கிவிட்டு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துத் தேத்தண்ணி குடிக்கலாம். இதைச் சொல்ல அரை நிமிடம் போதும்.

“வேற மருந்து ஏதாவது எடுக்கிறீங்களா?” என்ற கேள்வியும் வீண்தான். கடையில் வாங்கும் குளிசை யார் கணக்கிலும் மருந்து இல்லை. “கூடை சுமந்து முதுகு வலிச்சா என்ன செய்வீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். தைலம் முதலில் வரும். பிறகு தயங்கித் தயங்கி, கடைக்காரர் எண்ணித் தரும் குளிசை வரும். அது பெரும்பாலும் டைக்ளோஃபெனாக். பிரஷருக்கு லொசார்டன், வீக்கத்துக்கு ஃபுரோஸ்மைட், அவற்றோடு இதுவும் சேர்ந்தால் மூன்று பேரும் ஒரே சிறுநீரகத்தின் மேல் ஏறி நிற்கிறார்கள். கிளினிக்குக்கு வரும்போது வீட்டில் உள்ள எல்லாக் குளிசையையும், பாதி தீர்ந்த அட்டை உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள் என்று நான் கெஞ்சுவது இதற்காகத்தான்.

பாஷைக்கு வருகிறேன். சிங்களம் பேசும் பிள்ளைகள் ஆசையோடு தமிழ் பழகுவார்கள். ஒருத்தி “காலையில ஒன்னு” என்பதைக் “காலில ஒன்னு” என்று சொல்லிவிட்டாள். “எந்தக் காலுல தாயி?” என்று பாட்டி கேட்க, வரிசையே சிரித்தது. அவள் அழவில்லை. அன்றைக்கே கொப்பி ஒன்றில் பன்னிரண்டு வசனங்களைச் சிங்கள எழுத்தில் எழுதிப் பாடமாக்கினாள். தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பிரச்சினை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த தம்பி, ஒழுங்காகப் போடுகிறீர்களா என்ற அர்த்தத்தில் “வடிவாப் போடுறியளோ அம்மா?” என்று கேட்க, அழகைச் சொல்கிறார் என்று நினைத்து அந்த அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

பேர் கூப்பிடுவதிலும் கண்டம் இருக்கிறது. “லெட்சுமி” என்றால் மூன்று கை நீளும். தோட்டப் பெயரும் ஒன்றாகவே இருக்கும். கொரோனா வந்த 2020இல் கிளினிக் மருந்தைத் தபாலில் அனுப்பியபோது இதன் முழுக் கஷ்டமும் தெரிந்தது. லயத்து வீட்டுக்குத் தனி முகவரியா இருக்கிறது? நானே ஒரு முறை ஒரு லெட்சுமியின் மெட்ஃபோமின் என்ற சீனி வருத்தக் குளிசையை வேறொரு லெட்சுமியிடம் கொடுத்துவிட்டேன். அவர் பஸ் ஸ்டாண்டில் இருந்து திரும்பி வந்து, “இது என் கலர் இல்லீங்களே” என்றார். அவர் கெட்டிக்காரி, நான் தப்பினேன். அன்றிலிருந்து கிளினிக் நம்பரை நோயாளியே வாசித்துக் காட்டாமல், வாசிக்கத் தெரியாதவர் கொப்பியைக் காட்டாமல், உறை கை மாறுவதில்லை. பயிற்சிப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை ஒளிக்காமல் சொல்வேன்.

ஆனால் கலரை நம்பவும் முடியாது. 2022 தட்டுப்பாட்டுக் காலத்தில் 50 மில்லிகிராம் லொசார்டன் இல்லாவிட்டால் 25 இரண்டு என்று கொடுக்க வேண்டியிருந்தது. உறையில் எழுதியும் சொல்லியும் அனுப்புவோம். வழக்கம்போல ஒன்றைத்தான் போட்டுக்கொண்டு வருவார்கள். அப்போதுதான் விளக்கி முடித்ததும் “விளங்கிச்சா?” என்று கேட்பதை நிறுத்தினேன். “வீட்டுக்குப் போய் மகளுக்கு எப்படிச் சொல்வீங்க?” என்று கேட்கப் பழக்கினேன். இழுப்புக்கு உறிஞ்ச வேண்டிய கெப்சியூலைத் தண்ணீரோடு விழுங்கிக்கொண்டிருந்த தாத்தாவை அந்தக் கேள்விதான் காட்டிக் கொடுத்தது. ஒரு வருடமாக விழுங்கியிருக்கிறார்.

கால் வீங்கிய அக்காவின் உறையில் நம் கெட்டிக்காரி தன் கையாலேயே எழுதினாள்: ‘அந்திக் கொழுந்தை எடை போட்டு வந்த பிறகு ஒன்று’. இரண்டு மாதம் கழித்து, நான் லீவில் இருந்த நாளில், கொழும்பில் இருந்து புதிதாக வந்திருந்த மருந்தாளர் போன் எடுத்தார்.

“மிஸ், இது எத்தனை மணி?”

“மழை பெய்தால் மூன்றரை. வெயிலென்றால் நாலரை. அந்த அக்காவிடமே கேளுங்கள், இன்றைக்கு வானத்தைப் பார்த்துச் சொல்வார்.”