வராத பைக்கின் ரேடியேட்டரும், வீட்டில் நிற்கும் பைக்கின் கூலண்டும்

போன வாரம் ஒரு தம்பி வண்டியை சர்வீசுக்கு விட்டுவிட்டு போனை என் முகத்துக்கு நேராக நீட்டினான். கறுப்பு டேப் ஒட்டி, முழுக்க மூடி, ஓரகடம் பக்கமோ எங்கேயோ ஓட்டிச் சோதிக்கிற ஒரு வண்டியின் படம். "அண்ணே, இதுதான் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 750. ஆயில் கூல்டா, வாட்டர் கூல்டா, பார்த்துச் சொல்லுங்க. வாட்டர் கூல்டுன்னா இப்ப இருக்கிறதை வித்துட்டு இதுக்குக் காத்திருக்கலாம்னு இருக்கேன்." இன்ஜினின் சூட்டை எடுப்பது ஆயிலா, கூலண்ட் என்ற திரவமா என்று கேட்கிறான். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். அப்புறம் அவனுடைய வண்டிப் பக்கம் குனிந்தால், கூலண்டை ஆறவைக்கிற ரேடியேட்டருக்குப் பக்கத்தில் இருக்கிற கூலண்ட் ரிசர்வ் டேங்க் காய்ந்து கிடக்கிறது. அடிக்கோட்டுக்கும் கீழே, சொட்டுக்கூட இல்லை. வரப்போகிற வண்டியின் கூலிங்கைப் பற்றி அரை மணி நேரம் பேசக்கூடிய பையனுக்கு, தினமும் ஓட்டுகிற வண்டியின் கூலண்ட் தீர்ந்துபோனது தெரியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் படத்தைப் பார்த்துக் கணிப்பது எப்படி என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நல்ல பொழுதுபோக்கு, எனக்கும் பிடிக்கும். முன் சக்கரத்துக்குப் பின்னால் ஃபிரேமில் சின்னதாக, ஒல்லியாக ஒரு கட்டம் தெரிந்து, அதிலிருந்து மெல்லிய குழாய்கள் இன்ஜினுக்குப் போனால் அது ஆயில் கூலர். அதுவே அகலமாக, உயரமாக இருந்து, தடிமனான ரப்பர் ஹோஸ் இரண்டு மேலும் கீழும் போய், பின்னால் ஒரு ஃபேனும் இருந்தால் அது ரேடியேட்டர், வண்டி வாட்டர் கூல்டு. சிலிண்டரில் செதில் செதிலாக ஃபின் இருப்பதை வைத்து மட்டும் முடிவு செய்துவிடாதீர்கள். டிரயம்ப் ஸ்பீடு 400 வண்டியில் ஃபின் இருக்கும், ஆனால் உள்ளே ஓடுவது கூலண்ட்தான். பழைய வண்டியின் முகம் வேண்டும் என்பதற்காக வைத்திருக்கிறார்கள்.

சரி, கம்பெனிக்காரர்கள் எதை வைத்து முடிவெடுக்கிறார்கள்? நாம் ஊற்றுகிற பெட்ரோலின் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு கூட ஓட்டத்துக்குப் போவதில்லை, மிச்சமெல்லாம் சூடு. அந்தச் சூட்டில் ஒரு பகுதி சைலன்சர் வழியாகப் போய்விடும், மீதியை இன்ஜினிலிருந்து யாராவது எடுத்தாக வேண்டும். அதே அளவு சிலிண்டரிலிருந்து எவ்வளவு அதிகமாகக் குதிரைத்திறனைக் கறக்கிறீர்களோ அவ்வளவு சூடு. கிளாசிக் 350 எடுத்துக்கொள்ளுங்கள், 349 சிசியில் 20 சொச்சம் குதிரைத்திறன். ஒரு லிட்டர், அதாவது 1000 சிசி இன்ஜினுக்கு எவ்வளவு என்று பார்த்தால் 58 வரும். காற்றும் கொஞ்சம் ஆயிலும் போதும். பழைய ஹிமாலயன், 2016-இல் வந்தது, 411 சிசியில் 24 சொச்சம், லிட்டருக்கு 60 என்று வையுங்கள், அதற்கும் ஆயில் கூலரே போதுமானதாக இருந்தது. 2023 நவம்பரில் வந்த புது ஹிமாலயன் 452 சிசியில் 40 குதிரைத்திறன் தருகிறது, கம்ப்ரஷனும், அதாவது சிலிண்டருக்குள் கலவையை அமுக்குகிற விகிதமும், 9.5-இலிருந்து 11.5-க்கு ஏறிவிட்டது, அதனால் ரேடியேட்டர் வந்தது. ஹீரோவின் கரிஸ்மாவும் இதே கதைதான். ஆயில் கூலரோடு ஓடிய 223 சிசி இசட்எம்ஆர் போய், 2023-இல் 210 சிசி எக்ஸ்எம்ஆர் வந்தபோது சிசி குறைந்தது, திறன் 25-க்கு ஏறியது, கூலண்ட் உள்ளே வந்தது. 2008-இல் யமஹா ஆர்15, 2012-இல் கேடிஎம் டியூக் 200 என்று சின்ன இன்ஜினிலேயே ரேடியேட்டர் வந்ததும் இதே கணக்கில்தான், டியூக் 200 லிட்டருக்கு 125 வரை போகிற இன்ஜின்.

இன்னொரு காரணம் புகை. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு, இன்ஜின் எந்தச் சூட்டில் ஓடுகிறது என்பதைக் கம்பெனி ஒரே அளவில் பிடித்து வைத்திருக்க விரும்புகிறது. வாட்டர் கூலிங்கில், சூட்டைப் பார்த்துக் கூலண்டின் வழியைத் திறந்து மூடுகிற தெர்மோஸ்டாட் இருப்பதால் காலையில் சீக்கிரம் சூடேறும், அப்புறம் அதே சூட்டில் நிற்கும், பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இடைவெளியைக் குறைவாக வைக்கலாம். காற்றை நம்பி ஓடுகிற ஏர் கூல்டில் அப்படி முடியாது. ஹைவேயில் ஒரு சூடு, சிக்னலில் ஒரு சூடு.

இப்போது அந்த 750. ராயல் என்ஃபீல்டின் இரட்டைச் சிலிண்டர் 650 ட்வின் இன்ஜின் 648 சிசி, 47 குதிரைத்திறன், லிட்டருக்கு 73 போல வருகிறது. இரண்டு சிலிண்டர் என்பதால் அதே சிசியுள்ள ஒற்றைச் சிலிண்டரைவிடச் சூடு வெளியேற அதிகப் பரப்பு இருக்கிறது. அதையே கொஞ்சம் பெரிதாக்கி 750 ஆக்கினால் ஆயில் கூலிங்கிலேயே சமாளித்துவிடலாம் என்பது என் கணிப்பு. அந்தக் குடும்பத்து வண்டிகளை வாங்குகிறவர்களுக்கு இன்ஜின் மேல் குழாயும் பெட்டியும் தெரியாமல் சுத்தமாக இருப்பது முக்கியம். தம்பியிடமும் இதைத்தான் சொன்னேன். ஆனால் இது கணிப்பு. ஷோரூமில் வண்டி நிற்கும் வரைக்கும் யார் சொன்னாலும் கணிப்புதான், அதை நம்பிக் கையில் இருக்கிற நல்ல வண்டியை விற்காதீர்கள். என்னிடம் வருகிற ஒருவர் இப்படித்தான் ஒரு வதந்தியைப் பார்த்து நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டு, எட்டு மாதம் தம்பியின் ஸ்கூட்டரில் வேலைக்குப் போனார். கடைசியில் வந்த வண்டி அவர் நினைத்த விலையிலும் இல்லை, நினைத்த கூலிங்கும் இல்லை.

வாட்டர் கூல்டு என்றால் உசத்தி, ஏர் கூல்டு என்றால் மட்டம் என்ற பேச்சையும் விட்டுவிடுங்கள். சுசுகியின் ஜிக்ஸர் 250 இன்ஜின் ஆயிலை மட்டும் வைத்துக்கொண்டு 26 குதிரைத்திறன் தருகிறது, லிட்டருக்கு நூறைத் தாண்டுகிறது. உங்கள் ஓட்டத்துக்கு எது பொருந்துகிறது என்பதுதான் கேள்வி. தினமும் இருபது கிலோமீட்டர் ஆபீஸ் போய்வருகிறவருக்கு ஏர் கூல்டு தாராளம், பராமரிக்கவும் செலவு குறைவு. மணிக்கணக்கில் நூறுக்கு மேல் விரட்டுகிறவருக்கு ரேடியேட்டர் இருந்தால் நிம்மதி. ரேடியேட்டர் உள்ள வண்டி சிக்னலில் நிற்கும்போது ஃபேன் ஓடிக் கால் மேல் அனல் அடிக்கும், அதைக் கோளாறு என்று நினைத்து என்னிடம் ஓடிவருகிறார்கள். கோளாறு இல்லை, அது தன் வேலையைச் செய்கிறது.

பட்டறையில் இன்ஜினைப் பிரிக்கும்போது நான் பார்ப்பது வேறு. கம்பெனி தேர்ந்தெடுத்த கூலிங் தோற்றுப்போய் வந்த வண்டி அபூர்வம், நாம் அதைக் கெடுத்து வந்த வண்டிகள்தான் அதிகம். இரண்டு வருடம் முன்பு ஒரு வண்டி வந்தது. கூலண்ட் குறைந்திருக்கிறது என்று வீட்டு போர் தண்ணியை ஊற்றியிருக்கிறார்கள், ஒரு முறை இல்லை, பல மாதம். எங்கள் நாமக்கல் பக்கத்துப் போர் தண்ணியின் உப்பு எப்படி என்று பாத்திரம் கழுவுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ரேடியேட்டர் குழாய்களில் வெள்ளையாகப் படிந்து பாதி அடைத்துவிட்டது, வாட்டர் பம்பின் இறக்கைகள் அரித்துவிட்டன, கடைசியில் சிலிண்டருக்கும் அதன் தலைக்கும் நடுவில் அடைக்கிற ஹெட் கேஸ்கெட் போய், ஆயிலும் தண்ணியும் கலந்து பால் ஊற்றிய காபி மாதிரி வந்தது. சில நூறு ரூபாய் கூலண்டில் முடிந்திருக்க வேண்டியது, ஐந்து இலக்கத்துக்குப் போனது. நம் ஊரில் தண்ணி உறையாது, எதற்குக் கூலண்ட் என்று கேட்கிறார்கள். உறையாமல் இருப்பது அதன் ஒரு வேலைதான். தண்ணீரைவிட அதிகச் சூட்டில் கொதிப்பதும், உள்ளே துருப்பிடிக்காமல் காப்பதும் கூட அதுதான். மேனுவலில் என்ன வகை எழுதியிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள், நிறத்தைப் பார்த்துக் கலக்காதீர்கள், எத்தனை வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்களோ அத்தனை வருடத்தில் மாற்றுங்கள். நடுவழியில் வேறு வழியே இல்லையென்றால் டிஸ்டில்டு வாட்டர், ஊருக்கு வந்ததும் முழுக்க வடித்துவிட்டுப் புதிது.

இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். உள்ளே அழுத்தம் இருப்பதால்தான் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது, மூடியைத் திருகிய நொடியில் அழுத்தம் போய் அத்தனையும் கொதித்து முகத்துக்கு வரும். முழங்கை வரை தோல் உரிந்து வந்த ஒருவரை நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கிறேன். தொட்டால் கை சுடாத அளவுக்கு ஆறட்டும், எவ்வளவு நேரமானாலும்.

ஏர் கூல்டு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டு பேர், மூட்டை முடிச்சோடு முதல் கியரில் ஏறிவிட்டு, மேலே போனதும் பாட்டில் தண்ணியை இன்ஜின் மேல் ஊற்றுகிறார்கள். சூடேறிய உலோகத்தில் திடீரென்று குளிர்ந்த தண்ணி பட்டால் வளையும், விரிசல்கூட விழும். ஏறும்போதே இழுவை குறைந்து, இன்ஜினில் கடகடவென்று தட்டுகிற சத்தம் வந்தால் நிழலில் நிறுத்துங்கள், கால் மணி நேரம் போதும். நிறுத்திய பிறகு வருகிற டிக் டிக் சத்தம் உலோகம் சுருங்குவது, அதற்குப் பயப்பட வேண்டாம். ஃபின் நடுவில் காய்ந்த சேற்றை வாரம் ஒருமுறை எடுத்துவிடுங்கள்.

ஆயில் கூல்டு வண்டியில் ஆயில்தான் உராய்வையும் பார்க்கிறது, சூட்டையும் பார்க்கிறது, அதனால் அளவு குறைந்தால் இரண்டுமே போகும். மாதம் இரண்டு முறை வண்டியை நேராக நிறுத்தி ஆயில் அளவைப் பாருங்கள். வாட்டர் சர்வீஸ் செய்யும்போது பிரஷர் துப்பாக்கியை ரேடியேட்டருக்கும் ஆயில் கூலருக்கும் கிட்டே கொண்டுபோக விடாதீர்கள், மெல்லிய தகடுகள் மடங்கிக் காற்றே போகாது.

அந்தத் தம்பியின் வண்டியில் வாட்டர் பம்ப் சீல் லேசாகக் கசிந்திருந்தது. சீலை மாற்றி, பழையதை வடித்து, புதுக் கூலண்ட் ஊற்றி, ஃபேன் ஓடும் வரை இன்ஜினை ஓடவிட்டுக் காட்டினேன். ரிசர்வ் டேங்கில் இரண்டு கோடு எங்கே இருக்கிறது என்று அவன் அப்போதுதான் முதல் தடவை பார்த்தான், உடனே போனை எடுத்து அதையும் ஒரு படம் பிடித்துக்கொண்டான்.